விசில் ஒரு கடிகாரமா?



இரவில் ஊறவைத்த கொண்டைக்கடலை காலையில் குக்கரில் ஏறுகிறது. “அஞ்சு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடு” என்று சொல்லிவிட்டு அம்மா வேறு வேலைக்குப் போகிறார். நீங்களும் விரல்விட்டு எண்ணி அணைத்துவிடுகிறீர்கள். ஒரு நாள் கடலை மெத்தென்று வெந்திருக்கிறது. மற்றொரு நாள் பல்லில் கடிபடுகிறது. அதே கடலை, அதே குக்கர், அதே ஐந்து விசில்! பின் ஏன் இந்த வேறுபாடு?

கடலை, மொச்சை, கொள்ளு, காராமணி போன்ற காய்ந்த பயறுகளைக் கெட்டியான சூப்பாகவோ குழம்பாகவோ வைக்கும் எல்லா வீடுகளிலும் எழும் கேள்வி இது. இதற்கு விடை காண, குக்கருக்குள் என்ன நடைபெறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

கடலை எவ்வாறு வேகிறது?

காய்ந்த கடலையில் ஈரம் மிகக் குறைவு. ஒரு கைப்பிடிக் கடலையை நிறுத்து, இரவு முழுவதும் ஊறவைத்து, மீண்டும் நிறுத்துப் பாருங்கள். எடை ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். தன் எடை அளவுக்கு நீரை அது உறிஞ்சிக்கொண்டுவிட்டது என்பது பொருள்.

கடலையின் உட்பகுதி எண்ணற்ற செல்களால் ஆனது. செங்கற்களுக்கு இடையே சாந்து இருப்பதுபோல, செல்களுக்கு இடையே பெக்டின் என்னும் பொருள் இருந்து அவற்றை ஒட்டவைத்திருக்கிறது. செல்களுக்குள் மாவுச்சத்து மணிமணியாக உள்ளது. நீருடன் சேர்ந்து சூடேறும்போது ஏறத்தாழ 70° செ. அளவிலேயே இந்த மாவுமணிகள் உப்பிக் கூழாகிவிடும். ஆனால், பெக்டின் எளிதில் இளகுவதில்லை. அது கரைந்து, செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிய வேண்டும். அப்போதுதான் கடலை விரலுக்கு இடையே நசுங்கும். பிரிந்த செல்களும் வெளிவந்த மாவும் நீரில் கலப்பதால்தான் சூப் கெட்டியாகிறது.

“உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது” என்று நம் ஊர்களில் சொல்வதன் காரணமும் இந்தப் பெக்டின்தான். இங்கே உப்பு என்பது சாப்பாட்டு உப்பு அன்று. கிணற்று நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளையே அது குறிக்கும். கால்சியம் பெக்டினுடன் பிணைந்து அதைக் கரையவிடாமல் இறுக்கிவிடுகிறது. புளியைப் பயறு வெந்த பிறகே கரைத்து ஊற்றுவதற்கும் இத்தகைய காரணம் உண்டு. அமிலம் இருக்கும் நீரில் பெக்டின் மெதுவாகவே கரையும்.

அழுத்தம் செய்யும் வேலை

குக்கரில் ஏன் விரைவாக வேகிறது என்று வகுப்பில் கேட்டால், “நீராவியின் அழுத்தம் கடலையை நசுக்குகிறது” என்று சிலர் விடை சொல்வதுண்டு. இது தவறு. அழுத்தம் கடலையின் எல்லாப் பக்கங்களிலும் சமமாகவே செயற்படுகிறது. அதனால் கடலை நசுங்குவதில்லை. அழுத்தம் செய்வது ஒரே ஒரு வேலைதான்: நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது.

திறந்த பாத்திரத்தில் கடல்மட்டத்தில் நீர் 100° செ. வெப்பநிலையில் கொதிக்கிறது. அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் அதற்குமேல் வெப்பநிலை ஏறாது. கூடுதல் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மூடிய குக்கரிலோ ஆவி வெளியேற வழியில்லை. உள்ளே அழுத்தம் கூடுகிறது, கொதிநிலையும் கூடுகிறது. அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் இரு மடங்காகும்போது நீர் ஏறத்தாழ 120° செ. வெப்பநிலையில்தான் கொதிக்கும்.

இந்த 20 டிகிரியால் என்ன பயன்? வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் வேதிவினையின் வேகம் சுமார் இரு மடங்காகும் என்பது ஒரு தோராயமான விதி. அவ்வாறாயின் 20 டிகிரி உயரும்போது வேகம் நான்கு மடங்காகும். திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் ஊறிய கடலை, குக்கரில் 15 முதல் 20 நிமிடங்களில் வெந்துவிடுவது இதனால்தான்.

இதை முதலில் செய்து காட்டியவர் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு நாட்டு அறிஞர். 1679ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சொசைட்டியில் தம் கலத்தைக் காட்டினார். கடினமான எலும்பும் அதில் மிருதுவாகியது. கலம் வெடித்துவிடாமல் இருக்க, ஒரு நெம்புகோலில் எடையைத் தொங்கவிட்டு அதனால் ஒரு துளையை மூடிவைக்கும் பாதுகாப்பு வால்வையும் அவரே அமைத்தார். இன்று நம் வீட்டுக் குக்கரின் மேல் ஆடும் வெயிட் அந்த வால்வின் வழித்தோன்றலே.

எடையும் துளையும்

குக்கருக்குள் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது எது? அடுப்புத் தீ அன்று. அந்தச் சிறு எடைதான். ஒரு கணக்கால் இதை விளக்குவோம்.

ஆவிக்குழாயின் துளை 3 மி.மீ. விட்டமுடையது எனக் கொள்வோம். அதன் பரப்பு 0.07 சதுர செ.மீ. அதன்மேல் 70 கிராம் எடையை வைத்தால், ஒரு சதுர செ.மீ. பரப்புக்கு 1 கிலோகிராம் என்ற அளவில் அது அழுத்தும். உள்ளிருக்கும் ஆவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட இந்த அளவு மிகுந்தவுடன் எடை தூக்கப்படுகிறது. ஆவி சீறிக்கொண்டு வெளியேறுகிறது. அழுத்தம் சற்றுக் குறைந்ததும் எடை மீண்டும் அமர்ந்துவிடுகிறது. இதுவே விசில்.

ஆகவே, விசில் நமக்குச் சொல்லும் செய்தி ஒன்றே: “அழுத்தம் உரிய அளவை எட்டிவிட்டது, தேவைக்கு மேற்பட்ட ஆவியை வெளியே விடுகிறேன்.” கடலை வெந்துவிட்டதா என்று அது சொல்வதில்லை.

முதல் விசிலை நம்பலாமா?

குக்கரை மூடியவுடனேயே எடையைப் போட்டுவிட்டால் என்ன ஆகும்? உள்ளே நீராவி மட்டுமன்றிக் காற்றும் அடைபட்டிருக்கும். டால்ட்டனின் விதிப்படி மொத்த அழுத்தம் என்பது காற்றின் அழுத்தமும் நீராவியின் அழுத்தமும் சேர்ந்தது. 30° செ. வெப்பநிலையில் அடைபட்ட காற்று 95 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் அழுத்தம் மட்டும் ஏறத்தாழ 1.16 வளிமண்டலம் ஆகும். அந்த வெப்பநிலையில் நீராவியின் அழுத்தம் சுமார் 0.83 வளிமண்டலம். இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய 2 வந்துவிடுகிறது. எடை உயர்கிறது, விசில் ஒலிக்கிறது. ஆனால் நீரோ இன்னும் 100 டிகிரியைக்கூட எட்டவில்லை!

மூடியின் குழாயிலிருந்து ஆவி தொடர்ச்சியாக வரத் தொடங்கிய பிறகே எடையைப் போட வேண்டும் என்று பெரியோர் சொல்வது இதற்காகத்தான். அந்த ஆவி காற்றை முன்னதாகவே விரட்டிவிடுகிறது. எடை மூடியுடன் இணைந்தே இருக்கும் குக்கர்களில், காற்று முதல் ஓரிரு விசில்களில் ஆவியுடன் கலந்து வெளியேறுகிறது. எப்படியாயினும் முதல் விசிலைக் கணக்கில் சேர்ப்பது சரியன்று.

விசில் கணக்கும் நிமிடக் கணக்கும்

இப்போது நம் முதற் கேள்விக்கு வருவோம். தீயைப் பெரிதாக எரித்தால் ஆவி மிகுதியாக உண்டாகும். நிமிடத்துக்கு ஒரு விசில்கூட வரலாம். தீயைச் சிறிதாக்கினால் நான்கு நிமிடங்களுக்கு ஒருமுறைதான் வரும். எனவே, ஐந்து விசில் என்பது ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம், இருபது நிமிடமாகவும் இருக்கலாம். இரண்டிலும் உள்ளே வெப்பநிலை ஒன்றுதான். ஆனால் கடலைக்குக் கிடைத்த நேரம் ஒன்றன்று. ஒரு நாள் வெந்ததும் மறு நாள் வேகாததும் இதனால்தான்.

வேறொன்றையும் கவனியுங்கள். விசிலுடன் வெளியேறும் ஒவ்வொரு கிராம் ஆவியும் சுமார் 2,200 ஜூல் வெப்பத்தைத் தன்னுடன் எடுத்துச் செல்கிறது. ஒரு கிராம் நீரை 30 டிகிரியிலிருந்து 120 டிகிரிக்குச் சூடாக்கச் சுமார் 380 ஜூல் போதும். அதாவது, ஒரு கிராம் ஆவியை வீணாக்கும் வெப்பத்தைக்கொண்டு ஆறு கிராம் நீரைச் சமைக்கும் வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். பெருந்தீயில் குக்கர் ஓயாமல் கூவினால் எரிபொருள்தான் கூடுதலாகச் செலவாகும். கடலை விரைவில் வேகாது. காற்று வெளியேறி அழுத்தம் வந்தவுடன் தீயைச் சிறிதாக்கி, ஆவி எப்போதாவது மெல்லச் சீறும்படி வைத்து, கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களை எண்ணுவதே முறை.

அரைவேக்காடு என்பது சுவைக் குறை மட்டும் அன்று. ராஜ்மா எனப்படும் சிவப்பு அவரை விதையில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் உண்டு. நன்கு கொதித்து வெந்தால் அது அழிந்துவிடும். கொதிநிலைக்குக் கீழே, 80 டிகிரி அளவில் நெடுநேரம் வைத்திருந்தாலும் அழிவதில்லை. அவ்வாறு வேகாத விதையைத் தின்றவர்களுக்குச் சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

நுரையும் தோலும்

பயறுகளைக் குக்கரில் வேகவைக்கையில் தனிக் கவனம் தேவை. பயறு வேகும்போது அதிலிருந்து வெளிவரும் புரதமும் சபோனின் என்னும் பொருளும் நீரை நுரைக்கச் செய்கின்றன. நுரை மேலெழும்போது உரிந்த தோலும் அதனுடன் ஏறும். 3 மி.மீ. துளையை அடைக்க ஒரு கடலைத் தோல் போதும்!

துளை அடைபட்டால் எடையால் பயனில்லை; அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் மூடியில் இரண்டாவது காவலாக ஒரு பாதுகாப்பு வால்வு வைக்கப்பட்டுள்ளது. பல குக்கர்களில், வெப்பநிலை வரம்பு மீறும்போது அதிலுள்ள உலோகக் கலவை உருகி, ஆவிக்கு வழிவிடும். அந்த வால்வைக் கம்பியாலோ வேறு பொருளாலோ ஒருபோதும் அடைக்கலாகாது. இந்தியாவில் வீட்டுக் குக்கர்களுக்கு ஐ.எஸ். 2347 என்ற தர அளவை உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள குக்கரையும், அதற்கு உரிய வால்வையும் ரப்பர் வளையத்தையும் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

பயறும் நீரும் சேர்ந்து குக்கரின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருப்பது நல்லது. ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஒவ்வொரு முறையும் மூடியை ஒளிக்கு நேரே பிடித்து, குழாயின் துளை வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலை. ஆனால் பெரிய விபத்தைத் தடுக்கும்.

சமைத்து முடிந்ததும் அவசரப்பட்டு எடையைத் தூக்காதீர்கள். இரண்டு லிட்டர் சூப் 120 டிகிரியில் இருக்கிறது எனக் கொள்வோம். அழுத்தத்தைத் திடீரென்று விட்டால் அது 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். அப்போது வெளிப்படும் வெப்பம் சுமார் 1,68,000 ஜூல். அது ஏறத்தாழ 74 கிராம் நீரை அக்கணமே ஆவியாக்கும். ஒரு கிராம் நீராவி சுமார் 1.67 லிட்டர் இடத்தை அடைப்பதால், 124 லிட்டர் ஆவி உண்டாகிறது! சூப்பின் எல்லா இடங்களிலிருந்தும் இந்த ஆவி எழும்பும்போது நுரையும் கொதிநீரும் துளை வழியே பீறிட்டு வரும்.

மூடியையோ சொல்ல வேண்டியதில்லை. 20 செ.மீ. விட்டமுள்ள மூடியின் பரப்பு 314 சதுர செ.மீ. உள்ளே அழுத்தம் இருக்கும்போது 314 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது. இது ஐந்து பெரியவர்களின் எடை. எனவே, குக்கர் தானாக ஆறட்டும். எடையை மெல்லத் தூக்கினால் ஆவி சிறிதும் வரவில்லை என்று கண்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மூடி இறுக்கமாக இருந்தால் வலிந்து திறக்கலாகாது. ஆறும் நேரமும் வீண் போவதில்லை. அப்போதும் கடலை வெந்துகொண்டுதான் இருக்கிறது.

செய்து பாருங்கள்

வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். ஒரே பையிலிருந்து எடுத்த கடலையை ஒரே அளவு நேரம் ஊறவையுங்கள். முதல் நாள் பெருந்தீயில் ஐந்து விசில் வந்ததும் அணையுங்கள். மறு நாள் அதே அளவு கடலை, அதே அளவு நீர். அழுத்தம் வந்ததும் தீயைச் சிறிதாக்கிப் பதினைந்து நிமிடம் கழித்து அணையுங்கள். இரண்டு நாளும் எத்தனை விசில் வந்தது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பத்துக் கடலைகளை எடுத்து விரலால் நசுக்கி, எத்தனை நசுங்கின என்று எண்ணுங்கள்.

இறுதியாக ஒரு கணக்கு. உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் ஒரு சதுர செ.மீ. பரப்புக்குச் சுமார் 0.8 கிலோகிராம், திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரின் எடை அங்கும் அதே 1 கிலோகிராமைத்தான் கூட்டும். மொத்த அழுத்தம் 1.8 கிலோகிராம், அதற்குரிய கொதிநிலை சுமார் 116° செ. சென்னையில் 20 நிமிடத்தில் வேகும் கடலை உதகையில் எவ்வளவு நேரத்தில் வேகும்? மேலே சொன்ன பத்து டிகிரி விதியைக் கொண்டு கணக்கிடுங்கள். ஏறத்தாழ 26 நிமிடம் என்று விடை வந்தால் உங்கள் கணக்கு சரி.

இனி வீட்டில் “எத்தனை விசில்?” என்ற பேச்சு எழும்போது, “எத்தனை நிமிடம்?” என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.