பழைய மோக்கா பாட்டின் பூர்விகம்: தேடத் தொடங்குவோருக்குப் பத்து அறிவுரைகள்

அடுப்பில் வைத்துக் காபி போடும் பழைய இத்தாலியப் பாத்திரங்களைச் சேர்க்கும் ஆசை இளைஞர்கள் பலருக்கு வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, 'இது எந்த வருஷத்துப் பொருள்?' என்பதே. அதைத் தேடும் வழியைச் சொல்கிறேன்.

1. வந்ததும் தேய்க்காதீர்கள். அடிப்பாகத்தில் மங்கலாக இருக்கும் முத்திரை புளியும் பொடியும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுத்த பிறகு கழுவுங்கள்.

2. விற்பவர் சொல்லும் வருஷத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். '1933' என்று பலர் அடித்துச் சொல்வார்கள். அல்ஃபோன்சோ பியலெட்டியின் பட்டறையில் எட்டுப் பட்டை மோக்கா உருவான ஆண்டு அது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்கு முன் அவர் செய்தவை சுமார் 70,000தான். அவையும் பெரும்பாலும் சுற்றுவட்டாரச் சந்தைகளில் விற்றவை. வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தவர், போருக்குப் பின் தொழிலை ஏற்ற மகன் ரெனாத்தோ. உங்களிடம் இருப்பது அவர் காலத்தது அல்லது அதற்கும் பிந்தியது என்று வைத்துக்கொண்டே தேடலைத் தொடங்குங்கள்.

3. 'இதற்கு முன் இருக்க முடியாது' என்ற கணக்கைப் பழகுங்கள். அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறை வந்தது 1886இல். அதற்கு முன் சாதாரண வீட்டில் அலுமினியப் பாத்திரம் கிடையாது. பேக்கலைட் என்ற பிளாஸ்டிக் 1907இல் கண்டுபிடிக்கப்பட்டது. கைப்பிடி பேக்கலைட் என்றால் கைப்பிடியின் வயது அந்த எல்லைக்கு இப்புறம். இப்படி ஒவ்வொரு தடயமும் ஒரு கீழெல்லையைத் தரும். மேலெல்லை கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் அதே எட்டுப் பட்டை வடிவம் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

4. மீசைக்காரரைத் தேடுங்கள். விரலை உயர்த்தி நிற்கும் அந்தச் சின்ன மனிதர் பியலெட்டி நிறுவனத்தின் அடையாளம். பால் கம்பானி என்ற ஓவியர் 1950களில் வரைந்தது. 1957இல் தொடங்கிய 'கரோசெல்லோ' என்ற தொலைக்காட்சி விளம்பர நிகழ்ச்சி அவரை இத்தாலி முழுக்கப் பிரபலமாக்கியது. அவர் படம் இருந்தால் 1933 என்ற பேச்சுக்கே இடமில்லை. படம் இல்லாததை மட்டும் வைத்துப் பழசு என்றும் முடிவு கட்டாதீர்கள். அது வேறு கம்பெனிப் பொருளாக இருக்கலாம்.

5. ஊரைப் படியுங்கள். வட இத்தாலியில் ஓர்தா ஏரிக்கரையில் உள்ள ஒமேக்னா, பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். லகொஸ்தினா (1901), பியலெட்டி (1919), அலெஸ்ஸி (1921) மூன்றும் அந்த வட்டாரத்தில் தொடங்கியவைதான். ஒமேக்னாவில் இருந்த பியலெட்டி ஆலை 2010இல் மூடப்பட்டது. ஊரின் தொழில் வரலாறு தெரிந்தால் பொருளின் வரலாறு பாதி தெரிந்த மாதிரி.

6. வகையைக் குழப்பாதீர்கள். மோக்காவில் கீழே கொதிக்கும் நீர், ஆவி அழுத்தத்தால் தூளின் வழியே மேல் தட்டுக்கு ஏறும். நேப்பிள்ஸ் நகரத்துக் கவிழ்ப்புப் பாத்திரத்தில் நீர் கொதித்ததும் தலைகீழாகத் திருப்பிவைப்பார்கள். நம் பில்டர் போலவே டிகாக்‌ஷன் கீழே இறங்கும். இந்த வகை மோக்காவைவிட நூறு வருஷம் மூத்தது.

7. தகட்டில் உள்ள பெயரெல்லாம் செய்தவர் பெயர் ஆகாது. மிலான் நகரத்து ஜோர்தானோ ரொப்பியாத்தி 1940களில் வடிவமைத்த 'அட்டாமிக்' காபி இயந்திரம் இதற்கு நல்ல உதாரணம். பால் நுரைக்க ஆவிக்குழாய் வைத்த, வளைந்த அலுமினிய வார்ப்பு அது. ஆஸ்திரேலியாவில் பான் டிரேடிங், பிரிட்டனில் சசூன் என்று நாட்டுக்கொரு நிறுவனம் விற்றது. செய்தவர், விற்றவர், காப்புரிமை பெற்றவர் என்று மூவரையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

8. காப்புரிமை எண் கண்டால் விடாதீர்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் 'எஸ்பாஸ்நெட்' தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஒன்றை மறக்க வேண்டாம்: அங்கே காணும் ஆண்டு யோசனை பதிவான ஆண்டு. அதே எண்ணைப் பொறித்துப் பல வருஷம் தயாரித்திருப்பார்கள்.

9. பாகம் பாகமாகக் கழற்றிப் பாருங்கள். வாஷர், சல்லடை, மூடிக் குமிழ், கைப்பிடி எல்லாம் மாற்றக்கூடியவை. சிலிக்கோன் வாஷரைப் பார்த்துப் பாத்திரமே புதுசு என்று தள்ளிவிடாதீர்கள். மேலும் கீழும் ஒரே ஜோடியா என்பதை மரையில் திருகிப் பாருங்கள். இடறினால் சந்தேகப்படுங்கள். வயதை நம்பிச் சொல்ல வார்ப்பு உடம்பு ஒன்றே சாட்சி.

10. வால்வு சோதிக்காமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். சுண்ணாம்பு படிந்து சேஃப்டி வால்வு அடைத்திருந்தால் பாத்திரம் வெடிக்கக்கூடும். உள்ளே அரித்துக் குழி விழுந்திருந்தால் அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கே, யாரிடம், எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்துக்குள் போட்டுவையுங்கள். உறுதியானதை உறுதி என்றும் ஊகத்தை ஊகம் என்றும் பிரித்தே எழுதுங்கள். '1950களுக்குப் பிந்தியது' என்ற நேர்மையான ஒரு வரி, '1933' என்ற பொய்யைவிட அடுத்துத் தேட வருபவருக்கு அதிகம் உதவும்.