இருவர் நடக்கும் பழைய நகரம்

ஜொகூர் பாரு என்றதும் பலரின் நினைவுக்கு வருபவை பேரங்காடிகளும், சிங்கப்பூர் எல்லையில் ஊர்ந்து செல்லும் வாகன வரிசையுமே. வார இறுதியில் இங்கு வரும் புதுமணத் தம்பதியர் பலர், பேரங்காடியிலேயே பொழுதைக் கழித்துத் திரும்பிவிடுகின்றனர். ஆனால், எல்லைச் சாவடியிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் ஒரு பழைய நகரம் இருக்கிறது. காலாற நடந்து பார்ப்பவர்களுக்கே அதன் அழகு புலப்படும்.

1855இல் தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம் இவ்வூரை நிறுவியபோது, இது தஞ்சோங் புத்திரி என அழைக்கப்பட்டது. ‘இளவரசி முனை’ என்பது அதன் பொருள். 1866இல் அவருடைய மைந்தர் அபு பாக்கார், ‘புதிய ஜொகூர்’ எனப் பொருள்படும்படி இதற்கு ஜொகூர் பாரு எனப் பெயரிட்டார். அவர் காலத்தில் 1892இல் தொடங்கிய பள்ளிவாசல் 1900இல்தான் நிறைவடைந்தது. 1895இலேயே மறைந்துவிட்ட சுல்தான் அதனைக் காணவில்லை. குன்றின்மேல் நிற்கும் அப்பள்ளிவாசலின் கோபுரங்கள் ஆங்கிலேய மணிக்கூண்டுகளை நினைவூட்டுகின்றன. மாலை வெயில் சாயும் வேளையில் அங்கிருந்து ஜொகூர் நீரிணையைப் பார்ப்பது, இருவர் பேசாமலே மகிழ்ந்திருக்கப் போதுமானது.

நகரின் நடுவே ஜாலான் டோபி உள்ளது. இங்குச் சலவைத் தொழில் செய்த இந்தியர்களே அப்பெயருக்குக் காரணம். இத்தெருவில் உள்ள சலாஹுடின் ரொட்டிக்கடை 1937 முதல் இயங்கி வருகிறது. அருகிலுள்ள ஜாலான் தான் ஹியோக் நீயில், 1919இல் தொடங்கப்பட்ட ஹியாப் ஜூ ரொட்டிக்கடையில் இன்றும் விறகு அடுப்பிலேயே வாழைப்பழக் கேக் வேகிறது. பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில், சூடான கேக்கைப் பகிர்ந்துண்டு நடப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.

இப்பகுதியில் இராஜமாரியம்மன் ஆலயம், சீக்கியர் குருத்வாரா, பழைய சீனக் கோயில் ஆகியவை சில நிமிட நடைக்குள் அமைந்துள்ளன. நகர மையத்திலிருந்து சற்றுத் தள்ளி அருள்மிகு இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் உள்ளது. 1922இல் எளிய வழிபாட்டிடமாகத் தோன்றிய இக்கோயில், 2009இல் ஏறத்தாழ 300,000 கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டு ஒளிவீசத் தொடங்கியது.

இந்த அழகெல்லாம் தானாக நிலைத்துவிடவில்லை. 1990களில் நகர மேம்பாட்டின்போது பழைய சீனக் கோயிலின் முகப்பு வாயில் இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதியை மக்கள் காத்துப் புதுப்பித்தனர். ஊர் தோன்றியபோது ஓடிய செகெட் ஆறு, பின்னாளில் கான்கிரீட்டால் மூடப்பட்டது. அதன் ஒரு பகுதி மீண்டும் திறக்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டது. முழுமையாக இழந்த எதையும் இப்படி மீட்க இயலாது.

பழமையான கட்டடத்தின் அருகே நின்று படமெடுத்துக்கொள்வது எளிது. அக்கடையில் ஒரு பொருளை வாங்குவதும், அத்தெருவின் வரலாற்றைக் கேட்டறிவதும், அதனைத் தூய்மையாக விட்டுச் செல்வதுமே அந்நகரை வாழவைக்கும். நாள்தோறும் பேணப்படாத எதுவும் நீடிப்பதில்லை. இது நகருக்கு மட்டுமன்றி, அதில் கைகோத்து நடக்கும் இருவரின் அன்புக்கும் பொருந்தும்.

கருத்துணர் கேள்விகள்

1. ‘தஞ்சோங் புத்திரி’ என்பதன் பொருள் யாது?
2. பழைய நகரம் தானாக நிலைத்துவிடவில்லை என்பதற்குப் பகுதியில் காணப்படும் இரண்டு சான்றுகளை எழுதுக.
3. உமது வட்டாரத்தில் பேணிக் காக்கப்பட வேண்டிய பழமையான இடம் ஒன்றைக் குறிப்பிட்டு, அதற்கான காரணத்தை விளக்குக.