பூட்டு வாஷர்கள்

ஓடும் தொடர்வண்டியும் சுழலும் எந்திரமும் ஓயாது அதிர்கின்றன. அவ்வதிர்வால், போல்ட்டில் முடுக்கிய நட்டு மெல்லத் தளரும். அதனைத் தடுக்க நட்டின் அடியில் இடப்படும் வளையமே பூட்டு வாஷர். அதன் வகைகளுள் மூன்றினைக் காண்போம்.

ஸ்பிரிங் வாஷர், ஓரிடத்தில் வெட்டப்பட்டு, முனைகள் மேலும் கீழுமாக விலகி நிற்கும் எஃகு வளையம். நட்டை முடுக்கும்போது தட்டையாகி, மீண்டும் எழ முயன்று, நட்டை இறுக்கத்தில் வைக்கிறது. தண்டவாள இணைப்புகளில் இதனைக் காணலாம்.

பல் வாஷர், தன் பற்களால் உலோகத்தைக் கடித்துப் பிடிக்கிறது. வண்ணப்பூச்சைக் கீறி உலோகத்தைத் தொடுவதால், மின்கருவிகளில் எர்த் கம்பியை இணைக்க ஏற்றது.

என்ஜின்களில் பயன்படும் மடிப்பு வாஷரில் ஒரு நாக்கு எந்திரப் பகுதியைப் பற்றிக்கொள்ளும். மற்றொன்றை நட்டின் பக்கத்தோடு மடிப்பர். நிமிர்த்தி மீண்டும் மடித்தால் நாக்கு முறியக்கூடும். ஆகவே, கழற்றிய பின் புதியதையே இடவேண்டும்.

பக்கவாட்டு அதிர்வு மிக்க இடத்தில் ஸ்பிரிங் வாஷர் மட்டும் போதாது. தேருக்கு அச்சாணிபோல, இச்சிறு வளையமும் உயிர்களைக் காக்கிறது. இடமறிந்து தேர்ந்தெடுப்பதே தொழிலறிவு.

சொற்பொருள்: முடுக்குதல் – திருகி இறுக்குதல், எஃகு – உருக்கு.

வினாக்கள்
1. நட்டு தளர்வது ஏன்?
2. எர்த் கம்பிக்குப் பல் வாஷர் ஏற்றதாவது எங்ஙனம்?