ஆறுகால் ரோபோ நடுங்குகிறதா?

புனே அருகே சிஞ்ச்வட்டில் வீட்டு மேசையில் ரோபோ கட்டுபவர்களுக்குத் தலைவலி ஒன்றுதான்: காலைத் தூக்கியதும் நடுக்கம், அர்டுயினோ போர்டு தானாக ரீசெட்.

1. கால்களை அசைக்கும் சர்வோ மோட்டார்களை அர்டுயினோவின் 5 வோல்ட் பின்னில் மாட்டாதீர்கள். யுஎஸ்பி தருவது சுமார் அரை ஆம்பியர்தான்.

2. மோட்டார் முட்டி நிற்கும்போது இழுக்கும் கரண்டைக் கணக்கிடுங்கள். எம்ஜி996ஆர் சர்வோ 6 வோல்ட்டில் சுமார் 2.5 ஆம்பியர் இழுக்கும். ஆறு கால்களின் 18 சர்வோவுக்கு 45 ஆம்பியர்! எல்லாம் ஒன்றாக முட்டுவது அபூர்வம். ஆனாலும் பாதிக்காவது சப்ளை வேண்டும். ‘10 ஆம்பியர்’ என்று விற்கும் மலிவு சப்ளை மாட்யூலைப் பாதி நம்பினால் போதும்.

3. சர்வோக்களுக்கு இரண்டு செல் லிப்போ பேட்டரியை நேரடியாகக் கொடுக்காதீர்கள். முழு சார்ஜில் அது 8.4 வோல்ட்; எம்ஜி996ஆர் சர்வோவின் உச்சவரம்பு 7.2. வலப்பக்கக் கால்களுக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று என வோல்டேஜைக் குறைக்கும் 6 வோல்ட் பக் கன்வெர்ட்டர் போடுங்கள்.

4. அர்டுயினோ, சர்வோ சப்ளை இரண்டின் கிரவுண்ட் வயர்களையும் ஒன்றாக இணையுங்கள். இல்லாவிட்டால் சர்வோ தாறுமாறாக ஆடும்.

5. பிரெட்போர்டு வழியே மோட்டார் கரண்டை விடாதீர்கள், சூடேறி உருகும். தடித்த வயர் போட்டு, பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் வையுங்கள்.

6. ஆன் செய்ததும் சர்வோக்களை ஒவ்வொன்றாக எழுப்புங்கள். மொத்தமாக எழுந்தால் வோல்டேஜ் சரியும்.