கல்லாவில் குறைந்த பணமும் கணினி சொன்ன கணக்கும்

சில ஆண்டுகளுக்கு முன், எமக்கு நன்கு தெரிந்த ஒரு மளிகைக் கடையில் நடந்த சங்கதி இது. கடைக்குப் புதிதாகக் கணினி வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இரவு கடை சாத்தும் நேரத்தில் கல்லாவில் 312 வெள்ளி குறைவதாக யந்திரம் காட்டிற்று. கல்லாவில் இருந்தவர் ஊரிலிருந்து வந்து ஆறு ஆண்டுகளாக வேலை பார்த்த இளைஞர். "முதலாளி, நான் தொடவில்லை" என்றார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தொகை அவர் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அடுத்த மாதம் வேறொருவர் கல்லாவில் இருந்தபோதும் அதே மாதிரி குறையவே, முதலாளிக்குச் சந்தேகம் தட்டிற்று. சிட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வாடிக்கைக்காரர் திருப்பிக் கொடுத்த சாமானைச் சரக்கிருப்பில் கூட்டிக்கொண்ட மென்பொருள், அதற்காக நாம் கொடுத்த ரொக்கத்தைக் கல்லாவிலிருந்து கழிக்கவில்லை! பிடித்த பணத்தை முதலாளி திருப்பிக் கொடுத்தார்; இளைஞரும் வாங்கிக்கொண்டார். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

நிற்க. கணினி வேண்டுமா வேண்டாமா என்று நம் வணிகர்கள் யோசித்துக் கொண்டிருந்த காலம் போய்விட்டது. மலேசியாவில் வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் முறை, ஆண்டுக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் விற்பனையுள்ள நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1இல் தொடங்கிற்று. 2025 ஜனவரி 1இல் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கும், 2025 ஜூலை 1இல் 50 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கும், 2026 ஜனவரி 1இல் 10 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கும் அது வந்து சேர்ந்தது. சில்லறை விற்பனையை மாதம் முழுவதும் சேர்த்து, மாதம் முடிந்த ஏழு நாட்களுக்குள் ஒரே சீட்டாக அனுப்ப இடமுண்டு. எனினும் 2026 தொடக்கத்திலிருந்து 10,000 வெள்ளிக்கு மேற்பட்ட ஒரு விற்பனையை அப்படிச் சேர்த்துவிட முடியாது. அனுப்பிய சீட்டில் தவறிருந்தால் ரத்துச் செய்ய 72 மணி நேரந்தான். இவ்வளவும் கைச்சிட்டையில் நடக்கக்கூடிய காரியமன்று. ஆகவே மென்பொருள் விற்க வருவோர் கடை வாசலில் காத்திருக்கிறார்கள். நாமும் கெடுவுக்குப் பயந்து கிடைத்ததை வாங்கிப் பூட்டுகிறோம். கஷ்டமெல்லாம் இந்த அவசரத்தில்தான் பிறக்கிறது.

யந்திரம் காட்டும் தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, இங்கிலாந்துத் தபால் நிலையங்களின் வழக்கைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. நம் வணிகர் ஒவ்வொருவரும் அதை அறிந்திருத்தல் நலம். ஏனெனில் அதில் அகப்பட்டவர்கள் நம்மைப் போன்ற கடைக்காரர்களே.

1999 முதல் அங்குள்ள தபால் நிறுவனம் 'ஹொரைசன்' என்னும் கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் அமைத்தது. அதை நடத்திக் கொடுத்தது ஃபுஜிட்சு நிறுவனம். கிளைகளை நடத்தியவர்களில் மிகப் பலர் மளிகைக் கடையோ பத்திரிகைக் கடையோ வைத்துக்கொண்டு, அதன் ஒரு மூலையில் தபால் மேஜையையும் கவனித்த சிறு வியாபாரிகள். இந்திய வம்சாவளியினரும் அவர்களுள் பலர். யந்திரம் வந்தபின் கிளை கிளையாகப் பணம் குறைவதாகக் கணக்குக் காட்டிற்று. குறைந்ததை நீரே கட்டும் என்றது நிறுவனம். சிலர் சேமிப்பைக் கொட்டிக் கட்டினர். சிலர் வீட்டை அடகு வைத்தனர். கட்ட முடியாதவர்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சீமா மிஸ்ரா என்னும் பெண்மணி 2010 நவம்பரில் சிறைக்கு அனுப்பப்பட்டபோது கர்ப்பிணி. அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்த நாள்.

குற்றம் யந்திரத்தின் மேல்தான் என்பது வெளிப்பட எத்தனை ஆண்டு ஆயிற்று தெரியுமா? 2019 டிசம்பரில்தான் லண்டன் உயர்நீதிமன்றம் ஹொரைசனில் பிழைகள் இருந்ததை உறுதி செய்தது. 2021 ஏப்ரலில் சீமா மிஸ்ரா உள்பட 39 பேரின் தண்டனைகள் ரத்தாயின. மிச்சமுள்ளவர்களுக்காக 2024 மே மாதத்தில் தனிச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று.

அப்பிழைகளில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறோம். நம் கடைகளிலும் நாளைக்கே நடக்கக் கூடியது அது. 2015இல் ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்னும் ஊரிலுள்ள கிளைக்காரர் 8,000 பவுனைத் துணைக் கிளைக்கு வரவு வைத்தார். திரை அசையாமல் நின்றது. பதிந்ததோ இல்லையோ என்று பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தலும் ஒரு வரவாகப் பதிந்துவிட்டது. முடிவில் இல்லாத 24,000 பவுனுக்கு அவர் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை ஏற்பட்டது!

இன்னொன்று. கிளைகளின் கணக்கை அவர்கள் அறியாமலே தொலைவிலிருந்து யாரும் மாற்ற முடியாது என்று நிறுவனம் நெடுங்காலம் சாதித்து வந்தது. மாற்ற முடியும் என்பது வழக்கில் வெளியாயிற்று.

இவற்றிலிருந்து, மென்பொருள் விற்க வருபவரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் தாமே கிடைக்கின்றன. அவர் கொண்டு வரும் அழகான மாதிரிக் கணக்கைப் பார்த்து மயங்குவதில் பயனில்லை. நம் கடையின் மிகச் சிக்கலான ஒரு நாளின் சிட்டைக் கட்டை எடுத்து அவர் முன் வைத்து, இதைப் பதிந்து காட்டும் என்று சொல்லுதல் வேண்டும். அதில் திருப்பி வந்த சாமான் இருக்கட்டும். பாதி ரொக்கமும் பாதி கியூஆர் வழியாகவும் கொடுத்தவர் இருக்கட்டும். கடன் சொல்லிவிட்டுப் போய் மூன்று தவணையில் தீர்த்தவர் இருக்கட்டும். சென் கணக்கையும் பாருங்கள். மலேசியாவில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கச் சிட்டையின் கூட்டுத் தொகை 5 சென்னுக்குச் சரிக்கட்டப்படுகிறது. 10 வெள்ளி 2 சென் என்றால் ரொக்கத்துக்கு 10 வெள்ளி. அட்டையில் கொடுத்தால் 10 வெள்ளி 2 சென். இந்த இரண்டு சென் எங்கே போகிறது என்று காட்டத் தெரியாத மென்பொருள், மாதக் கடைசியில் உங்கள் கணக்கப்பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும்.

பிறகு, ஒரு சிட்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே இணையக் கம்பியைப் பிடுங்கச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. கம்பியைத் திரும்பச் செருகியபின் அந்த விற்பனை ஒரு தடவை பதிந்திருக்கிறதா, இரு தடவையா, பதியவே இல்லையா என்று பாருங்கள். எம் அபிப்பிராயத்தில் வேறெந்தப் பரீட்சையும் இதற்கு ஈடில்லை. அன்றியும், உங்கள் ஆட்கள் தொலைவிலிருந்து என் கணக்கில் கை வைக்க முடியுமா, வைத்தால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பதிவாகுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வரிச் சட்டம் மாறினால் மென்பொருளை மாற்றித் தருவது யார், என்ன விலைக்கு என்பதும் அதே தாளில் இருக்கட்டும். 2015 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. வந்தபோது வாங்கியதை 2018இல் எஸ்.எஸ்.டி.க்காக மறுபடி காசு கொடுத்துத் திருத்தியவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

யந்திரம் நல்லதாகவே அமைந்தாலும், நாம் அதில் போடும் சரக்குப் பட்டியல் சரியாக இல்லாவிட்டால் நஷ்டமே. அமெரிக்காவின் பெரிய கடை நிறுவனமான டார்கெட் 2013 மார்ச்சில் கனடாவில் கடை திறந்தது. பல்லாயிரம் சாமான்களின் விவரத்தைப் புது மென்பொருளில் அவசரமாக ஏற்றினார்கள். அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் சென்டிமீட்டர்; நீளத்துக்குப் பதில் அகலம். விளைவு என்ன? கிட்டங்கியில் சரக்கு வழிந்தது. கடைத் தட்டுகள் வெறிச்சோடின. அந்நிறுவனத்தின் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டெனினும் இதுவும் பெரியதொரு காரணம். 2015இல் 133 கடைகளையும் மூட முடிவு செய்து வெளியேறினார்கள்.

நம் கடைகளில் அங்குலச் சண்டை இல்லை. பெயர்ச் சண்டை உண்டு. சீரகம் என்று ஒருவர் பதிவார். ஜிந்தான் புத்தே என்று இன்னொருவர் பதிவார். இரண்டும் ஒரே மூட்டை. வெறுமனே ஜிந்தான் என்று பதிந்துவிட்டால், அது சீரகமா அல்லது ஜிந்தான் மானிஸ் என்கிற பெருஞ்சீரகமா என்பது பதிந்தவருக்கே மறுநாள் தெரியாது. வாங்குவது 25 கிலோ மூட்டை; விற்பது 100 கிராம் பொட்டலம். ஒரு மூட்டைக்கு 250 பொட்டலம் என்பதை முதலிலேயே யந்திரத்துக்குச் சொல்லாவிட்டால், ஒரு மூட்டை வாங்கி ஐம்பது மூட்டை விற்றதாக அது காட்டும். பெட்டியில் வரும் சாமானுக்கு பார்கோடு உண்டு. சில்லறையாக நிறுத்துப் போடும் மசாலாவுக்கும் பருப்புக்கும் கருவாட்டுக்கும் நாமே எண் கொடுத்தாக வேண்டும். இவ்வேலையை மென்பொருள் கம்பெனியின் பையனிடம் விட்டுவிடக் கூடாது. சரக்கைக் கையால் தொட்டுப் பழகிய மூத்த சிப்பந்தி ஒருவர் பக்கத்தில் அமர்ந்து, ஒரு சாமானுக்கு ஒரு பெயர், ஒரு எண் என்று எழுதி முடிக்க வேண்டும். ஆயிரம் சாமானுள்ள கடைக்கு இது பல நாள் வேலைதான். ஆனால் மென்பொருளின் விலையைக் காட்டிலும் மதிப்புள்ள வேலை.

மாற்றும் காலத்தைப் பற்றி ஒரு சொல். ஹெர்ஷி என்னும் அமெரிக்க மிட்டாய்க் கம்பெனி 11 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு, மூன்று மென்பொருள்களை ஒன்றாய்ச் சேர்த்து 1999 ஜூலையில் ஓடவிட்டது. அக்டோபர்க் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைதான் அங்கே மிட்டாய்க்குப் பெரும் பருவம். கிட்டங்கியில் மிட்டாய் இருந்தது. கேட்டவர்களுக்கு அனுப்பத்தான் முடியவில்லை. 10 கோடி டாலர் அளவுக்கு வந்த ஆர்டர்கள் நின்று போயின. நோன்பு மாதத்துக்கு முன்னும் தீபாவளிக்கு முன்னும் நம்மவர் யாரும் யந்திரம் மாற்றாதிருப்பாராக.

இனி முக்கியமான காரியம். புதுக் கணினி வந்த அன்றே பேரேட்டைப் பரணில் போட்டுவிடுவது நம்மிடம் உள்ள வழக்கம். அது கூடாது. ஒரு முழு மாதமாவது இரண்டு கணக்கும் ஓட வேண்டும். சிப்பந்திகள் இரட்டை வேலை என்று முணுமுணுப்பார்கள். உண்மையில் இரட்டை வேலையேதான். அந்த மாதத்துக்கு அவர்களுக்கு ஏதாவது கூடக் கொடுத்தாலும் தகும். மாத முடிவைத் தாண்டுதல் அவசியம். கடன் பாக்கியும் வரியும் கூட்டப்படும் அந்த நாளில்தான் ஒளிந்திருக்கும் பிழைகள் வெளியே வரும். தினமும் இரவில் இரண்டு தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தனி நோட்டில், 10 சென்னாக இருந்தாலும், தேதி போட்டு எழுதுங்கள். காரணம் தெரிந்ததும் பக்கத்திலே குறியுங்கள். காரணம் தெரியாத வரிகளைக் கம்பெனிக்கு அனுப்பி எழுத்தில் பதில் கேளுங்கள்.

இங்கிலாந்து வழக்கை முன்னின்று நடத்திய ஆலன் பேட்ஸ் என்பவர் செய்ததும் ஏறக்குறைய இதுவே. யந்திரம் வந்த சில வாரங்களில் அவருடைய கிளையில் சுமார் 6,000 பவுன் குறைவதாகக் காட்டிற்று. அவர் அச்சான தாள்களை வைத்துக்கொண்டு வரி வரியாகத் தேடினார். பெரும்பகுதி இரட்டைப் பதிவு என்று கண்டார். மிச்சத்துக்கும் காரணம் காட்டினாலன்றி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நின்றார். 2003இல் கிளையை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்பது உண்மை. ஆனாலும் பின்னாளில் 555 பேரைத் திரட்டி வழக்காட அவருக்கு ஆதாரம் கையிலிருந்தது.

வித்தியாச நோட்டில் காரணம் எழுதப்படாத வரை, எந்தச் சிப்பந்தியின் சம்பளத்திலும் ஒரு காசு பிடிக்கலாகாது. இதை முதலாளிமார் தமக்குத் தாமே போட்டுக்கொள்ளும் விதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எம் வேண்டுகோள். மென்பொருள் கம்பெனிக்குப் பிழைக்கு வாயிதா கொடுக்கிறோம். ஆறு ஆண்டு நம் கல்லாவில் இருந்தவருக்குக் கொடுக்கக் கூடாதா?

கணினி நின்று போகும் நாளும் வரும். 2023 அக்டோபர் 14, ஒரு சனிக்கிழமை; சிங்கப்பூரில் ஒரு கணினி நிலையத்தின் குளிர்சாதனம் கெட்டதால் டி.பி.எஸ்., சிட்டி வங்கிகளின் சேவை தடைபட்டு, சுமார் 25 இலட்சம் பணப் பரிமாற்றங்கள் நிறைவேறாமல் போயின. பெரிய வங்கிக்கே அப்படியென்றால் நம் கடைக்குக் கேட்பானேன்? எண் அச்சிட்ட கைச்சிட்டைப் புத்தகம் ஒன்றும், முக்கியச் சாமான்களின் விலை எழுதிய தாளும் கல்லாவுக்கு அடியில் எப்போதும் இருக்கட்டும். கையால் போட்ட சிட்டைகளை மறுநாள் யந்திரத்தில் ஏற்றுபவர் ஒருவராகவே இருக்க வேண்டும்; ஏற்றியவுடன் அதன்மேல் கோடு இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் டால்மெல்லிங்டன் கதைதான்.

ஒரு மாதம் கழிந்து, வித்தியாச நோட்டில் விடை தெரியாத வரி ஒன்றும் இல்லையென்றான பிறகு பேரேட்டை மூடலாம். கடைசிப் பக்கத்தில் அன்றைய சரக்கிருப்பு, ரொக்கம், வர வேண்டியது, கொடுக்க வேண்டியது ஆகியவற்றை எழுதி, முதலாளியும் கணக்கப்பிள்ளையும் கையெழுத்திட்டுத் தேதி போடுங்கள். வரிக்காகக் கணக்குகளை மலேசியாவில் 7 ஆண்டும் சிங்கப்பூரில் 5 ஆண்டும் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே கரையான் ஏறாத இடமாகப் பார்த்து அதை எடுத்து வையுங்கள்.