நத்தைகுத்தி நாரை எந்த ஊர்ப் பறவை?



திட்டக்குடிக்கு அருகே, கீழச்செருவாயில், பெரிய ஓடையின் குறுக்கே எழுந்த வெலிங்டன் நீர்த்தேக்கம் 1923-இல் கட்டி முடிக்கப்பட்டது. தொழுதூரில் வெள்ளாற்றைத் தடுத்து வாய்க்காலில் திருப்பும் நீரும் இதில் சேர்கிறது. சேலம் மாவட்ட மலைகளில் பெய்யும் மழைக்கும் இந்தக் கரையின் பருவங்களில் பங்கு உண்டு.

ஐப்பசியில் ஓடை செந்நிறமாகப் பெருகும். தவளைகள் கத்தும், வயலில் நத்தைகள் மேலே வரும். அவற்றைத் தேடி நத்தைகுத்தி நாரைகள் இறங்கும். இவற்றை 'வெளிநாட்டுப் பறவைகள்' என்றும், குஞ்சு பொரிக்கவே கடல் கடந்து வருகின்றன என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. இது தவறு, திருத்தத் திருத்தத் திரும்பி வரும் தவறு. நத்தைகுத்தி இந்த நாட்டுப் பறவை. மழையையும் இரையையும் ஒட்டி ஊர்விட்டு ஊர் நகரும். கார்த்திகை முதல் பங்குனிவரை வேடந்தாங்கல் போன்ற இடங்களில் கூடு கட்டும். வடக்கிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இங்கே கூடு கட்டுவதே இல்லை. முட்டையிடும் இடம் அவற்றுக்கு வடக்கேதான்.

வளர்ந்த நத்தைகுத்தியின் அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இராது. வளர வளரத்தான் உண்டாகும். வழுக்கும் நத்தையைப் பிடிக்க அந்த இடைவெளி உதவும். கீழலகின் கூர்நுனியை ஓட்டுக்குள் செருகி, நத்தையின் மூடியைக் கடந்து, தசையை அறுத்துச் சதையை வெளியே இழுத்துவிடும். பறவையியலாளர் சாலிம் அலியின் நூல்களோடு இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளையும் படித்தவர்கள் படத்தைவிடப் பறவையையே நெடுநேரம் பார்ப்பார்கள். தொலைநோக்கி வாங்கும் வரை காத்திருப்பது வீண். கண்ணும் நோட்டுப் புத்தகமும் போதும்.

தை, மாசியில் நீர் தெளிந்து ஓரம் சுருங்கும். உள்ளான்கள் சேற்றைக் கிளறும். பங்குனிக்குப் பின் வாத்துகள் கிளம்பிவிடும்.

'கோடையில் ஏரியில் பார்க்க என்ன இருக்கிறது' என்பது அடுத்த பிழை. வெடித்த மண்ணுக்கடியில் நத்தை ஓட்டை மூடிக்கொண்டு உறங்குகிறது. வெறுந்தரையில் ஆட்காட்டி பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். புள்ளி விழுந்த அந்த முட்டைகள் மண்ணோடு மண்ணாகத் தெரிவதால், கால் வைப்பவர் தரையைப் பார்த்தே நடக்க வேண்டும். வெயில் ஏறினால் தாய்ப்பறவை வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து அடைகாக்கும்.

ஆடியில் வெள்ளாற்றில் நீர் வருவது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே குறிப்பில் தேதியோடு நீர் நின்ற அளவையும் எழுத வேண்டும். நீர்மட்டம் இல்லாத பறவைக் குறிப்பை மறு ஆண்டுக் குறிப்போடு ஒப்பிட வழியில்லை.