ஓவர்க்ளாக்கிங்: கம்ப்யூட்டரை விரட்டலாமா?

கேம் ஆடும்போது படம் திக்கித் திக்கி வந்தால், "ஓவர்க்ளாக் பண்ணுடா, பறக்கும்!" என்று யாராவது சொல்வார்கள். அப்படின்னா என்ன? பார்ப்போமா!

ப்ராசசர் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. அந்தத் தாளம்தான் க்ளாக். பஸ் வேகத்தை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கினால் ப்ராசசரின் வேகம் கிடைக்கும். அதை கம்பெனி சொன்ன அளவுக்கு மேல் கூட்டுவதே ஓவர்க்ளாக்கிங்.

புகழ்பெற்ற உதாரணம், 1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ.
66.6 × 4.5 = சுமார் 300 மெகாஹெர்ட்ஸ்
பஸ்ஸை 100 ஆக்கினால்,
100 × 4.5 = 450 மெகாஹெர்ட்ஸ்!

பல சில்லுகள் இதைத் தாங்கின. எப்படி? எல்லா சில்லும் பாஸ் ஆகும் வேகத்தைத்தான் கம்பெனி எழுதுகிறது. 35 மார்க் எடுத்தால் பாஸ். ஆனா அதே வகுப்பில் 90 வாங்குபவரும் உண்டே!

சும்மா கிடைக்குமா? வேகம் கூடினால் சூடும் கூடும். வேகம் கூட்ட வோல்டேஜையும் கூட்டினால், சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் 50%, வோல்டேஜ் 10% கூடினால்,
1.5 × 1.1 × 1.1 = 1.815
அதாவது சுமார் 82% அதிகச் சூடு. சாதா ஃபேன் தாங்காது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. எங்க வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அண்ணன் வேகத்தைக் கூட்டினான். கேம் சூப்பராக ஓடியது. மூன்றாம் நாள் அப்பாவின் கடைக் கணக்கு ஃபைல் திறக்கவே இல்லை. அளவு மீறி விரட்டினால் சில்லு 1-ஐ 0 என்று படித்துவிடும். கம்ப்யூட்டர் நிற்காது, தப்பையே டிஸ்க்கில் எழுதிவிடும். அப்பா திட்டவில்லை. பழைய பில்களை எடுத்து விடிய விடிய மறுபடி டைப் செய்தார். நானும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னோம். திட்டியிருந்தால்கூட பரவாயில்லை என்று இருந்தது.

செய்வதற்கு முன் கவனிக்க:
1. முக்கிய ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுங்கள்.
2. ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். கேம் வேகமானால் தடை கிராபிக்ஸ் கார்டில்தான். ப்ராசசரைக் கூட்டிப் பயன் இல்லை.
3. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் சில மணி நேரம் சோதியுங்கள். சூட்டையும் பாருங்கள்.
4. வாரன்டி போகலாம். வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பள்ளி லேப் கம்ப்யூட்டரில் கை வைக்கவே கூடாது!

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. சில்லுக்கும் அதேதான்!

யோசியுங்கள்: விநாடிக்கு 60 படம் வேண்டும் என்றால், ஒரு படம் வரைய எத்தனை மில்லி விநாடி கிடைக்கும்? விடை அடுத்த இதழில்.

– பதினொன்றாம் வகுப்பு மாணவன்